பக்கவாதம்: குடும்பத்தின் பாசம் மட்டும் போதுமா? இரண்டு இந்திய ஆய்வுகள் சொல்லும் பாடம்

அரியலூர் மாவட்டத்தில் முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருக்கிறது வரதராஜன்பேட்டை. இதுபோன்ற ஊர்களில் ஒருவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாள் முதல் மனைவியோ மகளோ மருமகளோதான் அவருக்குச் செவிலியர். கையைப் பிடித்து நடக்கவைப்பதும் அவர்களே. தினமும் பிசியோதெரபிக்கு அழைத்துப்போக வண்டிக்கும் பணத்துக்கும் எங்கே போவது?

அப்படியானால், அந்தக் குடும்பத்துக்கே முறையான பயிற்சி கொடுத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர், லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியன். உலக பக்கவாத அமைப்பின் தலைவர் பொறுப்புக்கும் வந்தவர்.

வீட்டிலேயே பயிற்சி

ஆஸ்திரேலிய மருத்துவர் ரிச்சர்ட் லிண்ட்லி குழுவுடன் இணைந்து நடந்த ஆய்வு இது. பெயர் 'அட்டெண்ட்'. இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதியினருக்கு அதோடு, வீட்டில் இருப்பவருக்கும் உடற்பயிற்சி, பராமரிப்பு எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய 47 சதவிகிதம் பேர் இறந்திருந்தார்கள், அல்லது பிறர் உதவியோடுதான் வாழ்ந்தார்கள். வித்தியாசமே இல்லை. 'லான்செட்' இதழில் 2017-ல் இந்த முடிவு வெளியானது.

குடும்பம் கவனித்தது வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மருத்துவமனை செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு அரசு நிம்மதியாக இருக்க முடியாது என்பதே அர்த்தம். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்தால் பலன் கிடைக்குமா என்பதை அடுத்து ஆராய வேண்டும் என்றார்கள் ஆய்வாளர்கள்.

போனில் வந்த அறிவுரை

ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மீண்டும் வரும் ஆபத்து அதிகம். மாரடைப்பு ஆபத்தும் உண்டு. இதைத் தடுக்க, பாண்டியன் தலைமையில் 'ஸ்பிரிண்ட் இந்தியா' என்ற பெரிய ஆய்வு நடந்தது. 31 மையங்கள், 4,298 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு 12 மொழிகளில் குறுஞ்செய்தி, வீடியோ, கையேடு என ஒரு வருடம் நினைவூட்டினார்கள்.

முடிவு 2023-ல் வந்தது. மீண்டும் பக்கவாதம், மாரடைப்பு, மரணம் போன்றவை நினைவூட்டல் பெற்றவர்களில் 5.5 சதவிகிதம், பெறாதவர்களில் 4.9 சதவிகிதம். இங்கேயும் ஒரு வருடத்தில் பலன் தெரியவில்லை. ஆனால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களும், புகையையும் மதுவையும் விட்டவர்களும் நினைவூட்டல் பெற்ற பிரிவில் கூடுதலாக இருந்தார்கள்.

எதிர்பார்த்த பலன் வரவில்லை என்பதையும் மறைக்காமல் வெளியிட்டதுதான் இந்த ஆய்வுகளின் பெருமை. பலன் தராத திட்டத்தில் பணம் கொட்டாமல் இருக்கவும், சரியான வழியைத் தேடவும் இது உதவும்.

நாம் செய்ய வேண்டியது

பலன் தரும் என்று உறுதியாகத் தெரிந்த விஷயங்களும் உண்டு. முதலாவது, நேரம். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? ஒரு கை தூக்க முடியாமல் கீழே விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது ஒரு மதிப்பீடு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்பது, புறா ரத்தம் தடவுவது என்று போகும் நேரம் திரும்பக் கிடைக்காது.

வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். சி.டி. ஸ்கேனும் இந்த ஊசியும் அருகில் எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

இரண்டாவது, ரத்த அழுத்தம். பக்கவாதத்துக்கு இதுவே முதல் காரணம். தலைவலியே இல்லாமல் பி.பி. ஏறியிருக்கலாம். 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பக்கவாத நோயாளியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் உங்கள் தெருவிலும் இருக்கலாம். அவருக்கு வாரம் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள். நோயாளியின் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். பாசம் இருக்கும் வீட்டுக்கும் துணை வேண்டும்.