கோட்டுப் புள்ளி வரைபடமும் பின்னக் கணக்குகளும்

கோட்டுப் புள்ளி வரைபடம் என்பது எண்கோட்டின் மீது ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு குறி (× அல்லது புள்ளி) இட்டுத் தரவுகளைக் காட்டும் முறையாகும். புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் கோட்டு வரைபடம் வேறு, இது வேறு. அமெரிக்காவில் 2010இல் வெளியான பொதுப் பாடத்தரங்களில், அரை, கால், அரைக்கால் அளவுகளைக் கொண்டு இதை வரைந்து கணக்குச் செய்வது 4, 5ஆம் வகுப்புகளுக்கு உரியது.

வாசிக்கும் முறை

திருவள்ளூர் மாவட்டம் பெரியபாளையத்தில் ஒரு காய்கறிக் கடை இருப்பதாகக் கொள்வோம். அங்கே பத்துப் பேர் கத்தரிக்காய் வாங்குகின்றனர். கால் கிலோ 4 பேர், அரை கிலோ 3 பேர், முக்கால் கிலோ 2 பேர், ஒரு கிலோ ஒருவர். எண்கோட்டில் 1/4க்கு மேல் நான்கு × அடுக்கப்படும். 1/2க்கு மேல் மூன்று, 3/4க்கு மேல் இரண்டு, 1க்கு மேல் ஒன்று.

இங்கு ஒரு × என்பது ஒரு கிலோ அன்று, ஓர் ஆள். எடையைச் சொல்வது × நிற்கும் இடம். மாணவர் பெரும்பாலும் தடுமாறுவது இந்த வேறுபாட்டில்தான். கோட்டிலுள்ள எண்களை மட்டும் கூட்டினால் (1/4 + 1/2 + 3/4 + 1) இரண்டரை கிலோ வரும், அது தவறு. ஒவ்வோர் எண்ணையும் அதன் மேலுள்ள குறிகளின் எண்ணிக்கையால் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும்:

4 × 1/4 = 1
3 × 1/2 = 1 1/2
2 × 3/4 = 1 1/2
1 × 1 = 1

மொத்தம் 5 கிலோ. மிக உயரமான அடுக்கு கால் கிலோவுக்கு உரியது; ஆனால் அதிலிருந்து கிடைப்பது ஒரு கிலோதான். இரண்டே குறிகள் உள்ள முக்கால் கிலோ அடுக்கு ஒன்றரை கிலோ தருகிறது.

யாரும் வாங்காத அளவு இருந்தாலும் அதன் இடத்தைக் கோட்டில் விட்டுவைக்க வேண்டும். இல்லையேல் இடைவெளிகள் பிழையாகிவிடும்.

வாக்கியக் கணக்கு

கடைக்காரர் 8 கிலோ கொண்டுவந்திருந்தால் மீதி 3 கிலோ. அதை முக்கால் கிலோப் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை கிடைக்கும்? 3 கிலோவில் 12 கால் கிலோக்கள் உள்ளன. ஒரு பொட்டலத்துக்கு மூன்று கால் கிலோ. எனவே 4 பொட்டலங்கள். வகுத்தும் விடை 3ஐ விடப் பெரிதாவது ஏன் என்பது இப்படிப் பார்த்தால் விளங்கும். பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கும் விதி மட்டும் அதை விளக்காது.

தமிழ்ப் பின்னப் பெயர்கள்

காலில் பாதி அரைக்கால் (1/8), அதில் பாதி மாகாணி (1/16). பெயரிலேயே செய்முறை அடங்கிய அரைக்கால், எண்கோட்டில் 0க்கும் காலுக்கும் நடுவில் விழும். ஒரு ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை மாகாணி ரூபாய் ஓரணா, அரைக்கால் ரூபாய் இரண்டணா. 1957இல் தசம நாணயம் வந்ததும் அரைக்கால் ரூபாய் பன்னிரண்டரைக் காசாகி, முழு எண்ணாக நில்லாமல் போயிற்று. கால், அரை, முக்கால் மூன்றும் இன்றும் கடைப்பேச்சில் உள்ளன.