ஜார்ஜ் டவுன்: வீடுகள் நின்றன, குடிகள் நகர்ந்தன

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன், சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்ந்து பழகிய பழைய துறைமுக நகரம். 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ அதை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. ஒரு பழைய பேட்டை காசுள்ளவர்களின் பேட்டையாக எப்படி மாறுகிறது என்பதற்கு இந்த நகரத்தின் கடந்த கால் நூற்றாண்டு நல்ல எடுத்துக்காட்டு. எளிய வாடகைக் குடும்பங்கள் வெளியேற, வசதியானவர்களும் அவர்களுக்கான கடைகளும் உள்ளே வரும் இந்த மாற்றத்தைச் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இல் இலண்டனை வைத்து விளக்கினார். ஜென்ட்ரிஃபிகேஷன் என்ற பெயரும் அவர் இட்டதே. ஜார்ஜ் டவுனில் இந்த மாற்றம் பெரும்பாலும் கட்டடங்களை இடிக்காமல், அவற்றைப் பழுதுபார்த்து அழகாக்கியபடியே வந்தது.

ஒரே தெருவில் பல கோயில்கள்

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் 1786இல் இந்தத் தீவைக் கைக்கொண்டு சுங்கவரி இல்லாத துறைமுகம் அமைத்தார். வணிகம் தேடிப் பல நாட்டார் வந்தார்கள். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குச் சூலியர் என்று பெயர். சூலியா தெருவின் பெயர் அவர்களால் வந்தது. பழைய பிட் தெருவில் சீனரின் குவான் யின் கோயிலும் தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சில நிமிட நடைத் தொலைவில் இருக்கின்றன. அடுத்த தெருவான குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் புனித ஜார்ஜ் தேவாலயம் 1818ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

நகரத்தார் வட்டிக்கடை நடத்திய பினாங்கு தெருவில் அவர்களுடைய கோவில் வீடு இன்றும் உண்டு. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளித் தேர் அங்கிருந்துதான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்புகிறது. வழியெங்கும் தேருக்கு முன்னால் தேங்காயைக் குவித்து உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். நாசி கண்டார் என்று இன்று மலேசியா முழுவதும் பெயர்பெற்ற சாப்பாடு, தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளர்களுக்குக் காவடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் தொடங்கியது.

இத்தனை பேருக்கும் இடம் கொடுத்தவை கடைவீடுகள். கீழே கடை, மேலே குடித்தனம், முன்னால் வெயில் மழை படாமல் நடக்க ஐந்தடி நடைபாதை. ஒரே வீட்டின் அறைகளைப் பிரித்துப் பல குடும்பங்கள் உள்வாடகைக்கு இருந்தன. தொழிலும் குடியிருப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் பூக்கட்டுபவர், நகைப்பத்தர், தொப்பி தைப்பவர், ஊதுபத்தி செய்பவர், பெயர்ப்பலகை செதுக்குபவர் என்று கைத்தொழிலாளர் பலர் நகரின் நடுவிலேயே பிழைக்க முடிந்தது.

தாங்கிப் பிடித்த வாடகைச் சட்டம்

அவர்களை அங்கே நிறுத்தி வைத்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த வாடகைக் கட்டுப்பாடு, 1966ஆம் ஆண்டுச் சட்டமாகத் தொடர்ந்தது. 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உரிமையாளர் விருப்பம்போல் ஏற்ற முடியவில்லை. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியவில்லை. ஆனால் கிடைத்த வாடகை பழுதுபார்க்கும் செலவுக்கே காணவில்லை என்பதால் உரிமையாளர்கள் வீட்டைக் கவனிக்காமல் விட்டார்கள். ஓடு சரிந்தது, உத்தரம் உளுத்தது. 1969இல் சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற தகுதியும் போனது. 1970களில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வளர, வேலையும் இளைஞர்களும் அந்தப் பக்கம் போனார்கள். பழைய நகரம் மெல்லச் சிதைந்தது. ஆயினும் குடிகள் அங்கேயே இருந்தார்கள்.

1997இல் மலேசிய நாடாளுமன்றம் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. இடைக்கால ஏற்பாடு முடிந்து 2000 ஜனவரி 1 முதல் நீக்கம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வாடகை பல மடங்கு ஏறியது. கட்ட முடியாதவர்கள் காலி செய்தார்கள். மாற்று வீடு கேட்டு வாடகைக்காரர்கள் குழு அமைத்துப் போராடினார்கள். காலியான வீடுகள் சிலவற்றில் உழவாரக் குருவிகளை வளர்த்து, சூப்புக்கு விலைபோகும் அவற்றின் கூடுகளை விற்கும் தொழில் நடந்தது. யுனெஸ்கோ அறிவிப்புக்குப் பிறகே பாரம்பரிய எல்லைக்குள் அதற்குத் தடை வந்தது. ஆக, ஜார்ஜ் டவுனிலிருந்து ஆட்கள் வெளியேறத் தொடங்கியது சுற்றுலா பெருகும் முன்பே. முதல் காரணம் பாதுகாப்பை இழந்த வாடகை.

பட்டியலும் ஓவியங்களும்

யுனெஸ்கோ அங்கீகாரம் காலியான வீடுகளுக்குப் புதிய விலை கொடுத்தது. மையப் பகுதி சுமார் 109 ஹெக்டேர். சுற்றிலும் அதைவிடப் பெரிய காப்பு வளையம். உயரக் கட்டுப்பாடு வந்ததால் கோபுரக் கட்டடங்கள் தடுக்கப்பட்டன. பழைய வீட்டின் முகப்பை மாற்றக்கூடாது என்ற விதி, அந்த முகப்பையே விலைமதிப்புள்ள பொருளாக்கியது. சிங்கப்பூர் உட்பட வெளியூர் முதலீட்டாளர்கள் வரிசை வரிசையாகக் கடைவீடுகளை வாங்கினார்கள். அவற்றில் பல சிறு ஹோட்டல்களாகவும் காபிக் கடைகளாகவும் மாறின.

கலையும் இதே காலத்தில் பெருகியது. போரியா என்னும் மலாய்ப் பாட்டுக்கூத்தும் சீனப் பொம்மலாட்டமும் முன்பே இருந்த ஊர் இது. 2010இல் ஜார்ஜ் டவுன் விழா தொடங்கியது. 2012 விழாவுக்காக லிதுவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சகாரவிச் சுவர் ஓவியங்கள் வரைந்தார். ஆர்மீனியன் தெருவில் உண்மையான சைக்கிள் ஒன்றைச் சுவரில் பதித்து, அதில் இரு குழந்தைகள் போவதுபோல் அவர் தீட்டிய படம் உலகப் புகழ் பெற்றது; அதனுடன் படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் வரிசையில் நிற்கிறது. மாநில அரசின் திட்டத்தில் அமைந்த 52 இரும்புக்கம்பிச் சித்திரங்கள் அந்தந்தத் தெருவின் தொழிலையும் வரலாற்றையும் வேடிக்கையாகச் சொல்கின்றன. காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய முன்ட்ரி தெருவில் அவரைக் குறிக்கும் சித்திரம் ஒன்று உண்டு. மையப் பகுதிக்கு வெளியே, 1947இல் திறந்த பழைய பஸ் டெப்போ ஒன்று 2014இல் கலைக்கூடமானது.

இந்தக் கலைஞர்கள் யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. ஓவியம் கூட்டத்தை இழுத்தது, கூட்டம் வியாபாரத்தை மாற்றியது, வியாபாரம் வாடகையை ஏற்றியது. 2009இல் பாரம்பரியப் பகுதிக்குள் பத்தாயிரத்துக்குச் சற்று அதிகமானோர் குடியிருந்தார்கள். 2013 கணக்கெடுப்பில் அது 9,500க்கும் கீழே இறங்கியிருந்தது. குடித்தனம் குறையும்போது மளிகைக்கடை, முடிதிருத்தகம், மாவு மில் போன்றவற்றுக்கு அன்றாட வாடிக்கை குறைகிறது. அந்தக் கடைகள் மூடினால் மிச்சமிருக்கும் முதியவர்களுக்கு அங்கே வாழ்வது இன்னும் கடினமாகிறது.

காக்கும் வழிகள்

குடிகளை நிறுத்தி வைக்கும் முயற்சிகளும் நடந்தன. மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா 2009இல் தொடங்கிய ‘திங்க் சிட்டி’ அமைப்பு, 2 கோடி ரிங்கிட் மானியத் திட்டத்தின் மூலம் பழைய வீடுகளைச் செப்பனிடவும் சமூகப் பணிகளுக்கும் உதவியது. பழுதுபார்ப்புச் செலவில் ஒரு பங்கைப் பொதுப்பணம் ஏற்றால், அதை வாடகையில் பிடிக்கவேண்டிய கட்டாயம் உரிமையாளருக்குக் குறைகிறது. மக்களை நகரோடு பிணைத்ததில் வழிபாட்டுக்கும் பங்கு உண்டு. பினாங்கு இந்து அறநிலைய வாரியம் 2017இல் தங்கத் தேர் விட்டபோது, அதுவும் குவீன் தெரு அடங்கிய லிட்டில் இந்தியா வட்டாரத்திலிருந்தே தைப்பூச ஊர்வலத்தில் சேர்ந்தது. குடும்பங்கள் புறநகருக்குப் போனாலும் கோயிலும் பள்ளிவாசலும் சீனர்களின் குலச் சங்கங்களான கோங்சிகளும் அவர்களைத் திருநாள்களில் திரும்ப அழைக்கின்றன.

இந்த அறநிலையங்களிடமும் வக்பு சொத்துகளை நிர்வகிக்கும் அமைப்பிடமும் நகரின் நடுவே நிறைய வீடுகள் உண்டு. லாபம் மட்டுமே நோக்கமில்லாத உரிமையாளர் நினைத்தால் பழைய வாடகைக்காரருக்கும் கைத்தொழிலுக்கும் குறைந்த வாடகையில் இடம் தரலாம். சந்தை விலை கேட்டால் அங்கேயும் ஹோட்டல்தான் வரும். சட்டத்தின் வழியும் உண்டு: பெர்லின் நகரில் சில பேட்டைகளுக்குத் தனிக் காப்பு விதி இருக்கிறது. அங்கே வாடகையை ஏற்றிவிடக்கூடிய ஆடம்பர மாற்றங்களுக்கு வட்டார நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டடத்தோடு அதில் வாழ்பவரையும் காக்கவேண்டிய சொத்தாகக் கருதும் சட்டம் அது.

தமிழ்நாட்டுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. நியாய வாடகையை அதிகாரி நிர்ணயிக்க இடம் தந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய், வாடகையை எழுத்து ஒப்பந்தத்துக்கு விடும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. கோவை டவுன்ஹால் வட்டாரத்தில் கோனியம்மன் கோயிலும் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசலும் புனித மைக்கேல் பேராலயமும் நடந்தே போகும் தொலைவில் இருக்கின்றன. ராஜ வீதிப் பக்கம் நகைப்பட்டறைகள் சிறு இடங்களில் இயங்குகின்றன. இத்தகைய பேட்டைகளுக்குப் பாரம்பரிய நடையோ சுவர் ஓவியமோ திட்டமிடும் நகராட்சிகள், முதலில் அங்கே வாடகைக்கு இருப்போர் யார், எத்தனை ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், அவர்களில் அறநிலைய இடங்களில் இருப்போர் எத்தனை பேர் என்ற கணக்கை எடுக்க வேண்டும். ஜார்ஜ் டவுனில் வாடகைக் காப்பு முதலில் போனது, கட்டடக் காப்பு எட்டு ஆண்டு கழித்து வந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வீடும் குடியும் சேர்ந்து நிற்கும்.