சுவரில் வாழும் வேட்டைக்காரி

அல்குர்ஆனின் 29ஆவது அத்தியாயம் சிலந்தியின் பெயரைத் தாங்கியுள்ளது. நம் வீட்டுச் சிலந்திக்கோ தும்புத்தடியே காத்திருக்கின்றது! ‘எட்டுக்கால் பூச்சி’ என்கிறோம். உண்மையில் அது பூச்சியினமன்று. பூச்சிக்கு ஆறு கால்கள், உடலில் மூன்று பகுதிகள், தலையில் உணர்கொம்புகள் உண்டு. சிலந்திக்கு எட்டுக் கால்கள், உடலில் இரண்டே பகுதிகள், உணர்கொம்புகள் இல்லை.

இரவில் சுவரில் விரைந்தோடும் பெரிய சிலந்தி இரைபிடிக்க வலை பின்னுவதில்லை. கரப்பான் பூச்சியைப் பாய்ந்து பிடித்து உண்கின்றது. தாய்ச்சிலந்தி தட்டையான முட்டைப்பையைத் தன் உடலின் கீழ் சுமந்து திரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதனைப் பிடித்து அடைக்க வேண்டாம். வேறொன்றைப் போத்தலில் வைத்துப் பார்க்க விரும்பினால், மூடியில் சிறு துளைகளிட்டு, நனைத்த பஞ்சு வைத்து, மறுநாளே விட்டுவிடுங்கள். வெறுங்கையால் பிடித்தால் கடிக்கக்கூடும்.