பத்திரத்தைத் தேடித் தரும் இரண்டு அட்டவணைகள்

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ முதல் முறையாக மனை வாங்குபவருக்குத் தெரிந்தது நகரின் பெயரும் பிளாட் நம்பரும்தான். சார் பதிவாளர் அலுவலகத்துக்கு அது போதாது. அங்கே அதே மனை வருவாய்க் கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு என்ற கணக்கில் இருக்கிறது. பின்னாளில் தங்கள் பத்திரத்தைத் தாங்களே தேடும்போது புதியவர்கள் திணறுவது இங்கேதான்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி நிலம், வீடு தொடர்பான ஆவணங்கள் 1ஆம் புத்தகத்தில் வந்த வரிசைப்படி ஏறுகின்றன. வரிசையை மட்டும் வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாதே! அதனால் இரண்டு அட்டவணைகள். முதலாவதில் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள். இரண்டாவதில் சொத்து விவரம். ஆள் வழியாகவும் போகலாம், மண் வழியாகவும் போகலாம். 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம் என்கிறது சட்டம். அருமையான ஏற்பாடு இது. நாம் ஈசி என்று சொல்லும் வில்லங்கச் சான்று இந்தத் தேடலின் விளைவுதான்.

ஆவண எண் தெரிந்தால் இன்னும் சுலபம். ஆனால் எண் ஒவ்வோர் ஆண்டும் 1இலிருந்து தொடங்கும். ‘2150’ என்று மட்டும் சொன்னால் எந்த ஆண்டின் 2150, எந்த அலுவலகத்தின் 2150 என்று கேள்வி வரும். கணினியில் பதிவான பத்திரத்தின் பின்பக்க முத்திரையைப் பாருங்கள்: ஆர்/அம்பத்தூர்/புத்தகம் 1/2150/2019 என்பது போல ஒரு வரி இருக்கும். அலுவலகம், புத்தகம், எண், ஆண்டு நான்கும் அதில் உண்டு. பதிவுத்துறையின் இணையதளம் ஆவண எண் வழித் தேடலுக்குக் கேட்பதும் இவற்றைத்தான்.

சர்வே நம்பர் வழித் தேடலில் ஒரு சிக்கல். மனைப்பிரிவு போட்டதும் 45/2 என்பது 45/2ஏ, 45/2பி என்று உடையும். நகர அளவை நடந்த இடங்களில் வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் என்று கணக்கே மாறிவிடும். புது எண்ணில் மட்டும் தேடினால் பழைய பத்திரம் சிக்காமல் போகலாம். பதிவு முடிந்ததும் பழைய எண், புது எண், பிளாட் நம்பர் மூன்றையும் ஒரே தாளில் எழுதித் தருவதை அலுவலகங்கள் வழக்கமாக்க வேண்டும். அதுவரை சொத்து விவரப் பகுதியிலிருந்து வாங்குபவரே குறித்துக்கொள்வது நல்லது. கிராமம் வேறு அலுவலகத்துக்கு மாறியிருந்தால், முந்தைய காலத்துக்குப் பழைய அலுவலகத்தின் பெயரிலும் தேட வேண்டும்.