முளைக்காததற்கு விதைதான் காரணமா?

வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்களே, 2022 ஜூனில், நினைவிருக்கும். கொம்பனித்தெருவில் தோட்டத்துக்கு ஏது இடம்? தொடர்மாடி பல்கனியில் பழைய பெயின்ட் வாளியும் யோகட் கோப்பையும்தான். அவற்றை நிரப்ப எனது கடையில் தும்புத்தூள் மூட்டை மூட்டையாகப் போனது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்தா வந்தார். "தம்பி, ஒங்கட தூள்ல போட்ட தக்காளி ஒண்டும் மொளக்கல்லியே." விதை பழசாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாவது ஆளும் அதே முறைப்பாட்டோடு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் இறக்கியது கழுவாத தூள்.

தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. மட்டையை உவர் நீரில் ஊறப்போட்டால் அது இன்னும் கூடும். உப்புக் கூடினால் விதையால் நீரை உறிஞ்ச முடியாது. ஏற்றுமதிக்காரர்கள் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, மின்கடத்துதிறனை 0.5க்குக் கீழே கொண்டுவந்த பிறகே 5 கிலோ கட்டியாக அழுத்துகிறார்கள். நனைத்தால் அந்தக் கட்டி 60 லீற்றருக்கு மேல் பொங்கும். கிலோ விலையை மட்டும் பார்த்துக் கொள்வனவு செய்யும் நம்மவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கருவி வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். புதிய சரக்கு வந்ததும் ஒரு கோப்பைத் தூளில் பத்துப் பாசிப்பயறு போடுங்கள். பக்கத்தில் ஈரத் துணியிலும் பத்து. துணியில் முளைத்து, நாலைந்து நாளாகியும் தூளில் முளைக்காவிட்டால் அந்தச் சரக்கை நாற்றுக்கென்று விற்க வேண்டாம்.

வெறும் தோட்ட மண் போதாதா என்று கேட்பார்கள். நமது பகுதியில் தோண்டினால் வருவது பெரும்பாலும் கட்டட இடிபாடு கலந்த மண். சாடியில் போட்டுத் தண்ணீர் ஊற்ற இறுகிவிடும். நீர் தேங்கினால் நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாயும். விதைக்கு வேண்டியது காற்றும் ஈரமும் தகுந்த வெப்பமும்தான். முதல் சாப்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் ஆரம்பத்தில் பசளையை அள்ளிப் போடுவதும் வீண். நான் சொல்லிக் கொடுப்பது, கழுவிய தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிச் சலித்த கூட்டுப்பசளை ஒரு பங்கு. தூளில் சத்து மிகக் குறைவு. உண்மையான இலை இரண்டு விட்டதும் பசளை கூடிய மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும்.

மிஞ்சிய மூட்டைகளில் 'கழுவாதது' என்று பெரிதாக எழுதி, மரத்தடியில் மூடாக்குப் போடுபவர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். நட்டம்தான். ராத்தாவின் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை, கழுவிய தூளில் ஒரு பை கேட்டார்.