இரும்பை நொறுக்கும் நீரகம்

இரும்பென்றால் உறுதி என்பது உலக வழக்கு. அசையாத உள்ளத்தை இரும்பு நெஞ்சம் என்கிறோம். வலிய உடலை இரும்புடல் என்கிறோம். அந்த இரும்பினும் வலிமை மிக்கது எஃகு. அத்தகைய எஃகைப் பொருள்கள் எல்லாவற்றுள்ளும் இலேசானதாகிய ஹைட்ரஜன் வாயு நொறுக்கிவிடுகிறது என்றால், மாணவர் மட்டுமல்லர், பெரியவரும் வியப்படைவர். ஆயினும் இது மெய். தமிழில் நீரகம் எனப்படும் இவ்வாயு, எஃகினுள் பத்து இலட்சத்தில் சில பங்கு எடையளவே புகுந்தாலும், வளைய வேண்டிய எஃகு வளையாமல் சட்டென்று முறிந்து போகிறது.

இதில் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. நீரகம் பெரும்பாலும் பகையாக வந்து புகுவதில்லை. துருவை நீக்குவதற்கும், முலாம் பூசுவதற்கும், பற்றவைப்பதற்கும் மனிதன் செய்யும் வேலைகளின் வழியாகவே அது உள்ளே நுழைகிறது. உலோகத்தைக் காக்கும் முயற்சியே உலோகத்துக்குக் கேடாக முடியலாம்.

பாலத்தில் நேர்ந்த முறிவு

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரையும் ஓக்லாந்து நகரையும் இணைக்கும் வளைகுடாப் பாலத்தின் கிழக்குப் பகுதி புதிதாகக் கட்டப்பட்டு வந்தது. நிலநடுக்கத்தின்போது பாலத்தை நிலைநிறுத்தும் உறுப்புகளைத் தூணோடு பிணிப்பதற்காக, 3 அங்குலக் கனமுள்ள, துத்தநாகம் பூசிய எஃகுத் தண்டுகள் 96 செய்யப்பட்டன. அவை 2008ஆம் ஆண்டில் தூணின் துளைகளில் இறக்கப்பட்டன. பல ஆண்டுகள் அவை முறுக்கப்படாமலே நின்றன. துளைகளில் நீரும் தேங்கிற்று.

2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தண்டுகளை இழுத்து இறுக்கினர். அன்று ஒன்றும் நேரவில்லை. ஆனால் இரண்டு வாரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக 32 தண்டுகள் முறிந்தன. ஆராய்ந்தவர்கள் நீரகத்தால் விளைந்த நொய்ம்மையே காரணம் என்று கண்டனர். முறிந்தவற்றைப் பிடுங்கி எடுத்து மாற்றவும் வழியில்லை. ஆகவே எஃகு வடங்களைக் கொண்ட புதிய பிடிப்பொன்றை அமைத்துக் கற்காரையால் மூடினர். பாலம் அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது.

இறுக்கிய அன்று தாங்கிய தண்டு பின்னொரு நாள் முறிந்தது ஏன்? இதை அறிய, நீரகம் உலோகத்துள் புகும் வழியை முதலில் அறிதல் வேண்டும்.

உள்ளே புகும் வழி

நீர் கலந்த அமிலத்தில் துத்தநாகத் துண்டை இட்டால் குமிழிகள் எழுவதையும், அவ்வாயுவில் தீக்குச்சியைக் காட்டினால் 'டப்' என்று வெடிப்பதையும் பள்ளி மாணவர் அறிவர். இரும்பை அமிலத்தில் இட்டாலும் நீரகம் பிறக்கும். பிறக்கும்போது அது தனித்தனி அணுக்களாகவே உலோகத்தின் மேற்பரப்பில் இருக்கிறது. பெரும்பாலான அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாகி, குமிழியாய் மேலே போய்விடும். ஒருசில மட்டும் இணை சேராமல் இரும்பணுக்களின் இடைவெளிகளில் நுழைந்துவிடும். நீரக அணுவே அணுக்கள் அனைத்திலும் எளியதாகலின், சாதாரண வெப்பநிலையிலேயே அது இரும்பினுள் இடம் விட்டு இடம் நகர வல்லது.

உள்ளே போன அணுக்கள் சும்மா இருப்பதில்லை. உலோகத்தில் எங்கே இழுவிசை மிகுந்து அணுக்கள் சற்றே விலகி நிற்கின்றனவோ, அங்கே அவை சென்று கூடுகின்றன. சிறு கீறலின் நுனி அத்தகைய இடம். அங்கே கூடிய நீரகம் இரும்பணுக்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது என்பர் ஒரு சாரார். உலோகம் அவ்விடத்தில் மட்டும் அளவுக்கு மீறி நெகிழ்ந்து கிழிவதற்கு அது துணை செய்கிறது என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும் விளைவு ஒன்றே: கீறல் சிறிது நீளும், புதிய நுனியில் மீண்டும் நீரகம் வந்து கூடும், கீறல் மேலும் நீளும். நீரகம் நகர்ந்து வந்து சேர்வதற்கு நேரம் வேண்டும். இறுக்கிய அன்று தாங்கிய தண்டு நாள் கடந்து முறிவதன் மருமம் இதுவே. அன்றே சோதித்துப் பார்த்து 'நன்று' என்று சொல்வது போதாது.

மென்மையான எஃகில் கேடு வேறு வடிவில் தோன்றலாம். உள்ளிருக்கும் நுண்ணிய பொந்துகளில் அணுக்கள் இணை சேர்ந்து மூலக்கூறுகளாகிவிட்டால், வந்த வழியே திரும்ப இயலாது. குறுகிய வாயிலில் ஒவ்வொருவராய் நுழைந்த சிறுவர்கள், உள்ளே கைகோத்துக்கொண்டால் அதே வாயிலால் வெளிவர முடியாததைப் போன்றது இது. அழுத்தம் பெருகி உலோகம் கொப்புளமாய் வீங்கும்.

பழைய கண்டுபிடிப்பு

இவ்வுண்மை நேற்று அறியப்பட்டதன்று. 1875ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஜான்சன் என்பவர் இலண்டன் இராயல் கழகத்துக்கு இதனை எழுதியனுப்பினார். அமிலத்தில் சில நிமிடங்கள் கிடந்த இரும்புக் கம்பி வளைத்தால் ஒடிந்தது. ஒடிந்த இடத்தை நனைத்தபோது அதிலிருந்து குமிழிகள் வந்தன. அதே கம்பியைச் சில நாட்கள் வைத்திருந்தால் பழைய வலிமை திரும்பியது. சூடாக்கினால் விரைவில் திரும்பியது. நோயும் மருந்தும் ஒருங்கே காணப்பட்டன. ஆனால் இம்மருந்து கீறல் விழுமுன் மட்டுமே பலிக்கும். விழுந்த கீறலை எந்தச் சூடும் ஒட்டவைக்காது.

வெப்பத்தில் மற்றொரு கேடு

பெருவெப்பமும் பேரழுத்தமும் உள்ள இடத்தில் நீரகம் வேறு வகையில் தாக்குகிறது. காற்றிலுள்ள நைட்டிரஜனையும் நீரகத்தையும் சேர்த்து அம்மோனியா செய்யும் முறையைத் தொழிலாக்க முனைந்தார் செருமானிய அறிஞர் கார்ல் போஷ். அவருடைய எஃகுக் குழாய்கள் சுமார் 80 மணி நேரத்தில் வெடித்தன. ஆராய்ந்தபோது, எஃகுக்கு வலிமை தரும் கரியை நீரகம் பறித்து மீதேன் வாயுவாக மாற்றியிருப்பது தெரிந்தது. கரியை இழந்த எஃகு பிளவுபட்டு நின்றது. இந்தச் சேதத்தைச் சூடாக்கித் தீர்க்க முடியாது.

போஷ் கண்ட வழி நுட்பமானது. கரி குறைந்த மெல்லிரும்புக் குழாயை உள்ளே வைத்து, அழுத்தத்தைத் தாங்க வெளியே எஃகு உறையைப் பொருத்தினார். அவ்வுறை முழுவதும் சிறு துளைகள் இட்டார். உட்குழாயைக் கடந்துவரும் சிறிதளவு நீரகம் எஃகைத் தாக்குமுன் துளைகளின் வழியே வெளியேறிவிட்டது. பகைவனைத் தடுக்க முடியாதபோது, அவன் தங்காமல் போவதற்கு வழி விட்டார் எனலாம். 1913ஆம் ஆண்டில் ஓப்பாவு நகரில் அம்மோனியா ஆலை இயங்கத் தொடங்கியது.

பின்னர், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு கரியை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று கண்டனர். எந்த எஃகு எவ்வளவு வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்றது என்பதைக் காட்டும் வரைபடத்தை 1949இல் நெல்சன் என்பவர் வெளியிட்டார். ஆயினும் ஆபத்து ஒழிந்துவிடவில்லை. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் அனகோர்ட்டஸ் நகரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், நீரகத்தால் இவ்வாறு நலிந்த வெப்பமாற்றுக் கலம் ஒன்று பிளந்து எழுவர் உயிரிழந்தனர்.

காக்கும் முறைகள்

சாதாரண வெப்பத்தில் நேரும் நொய்ம்மைக்கு மூன்று சேர வேண்டும்: உள்ளே நீரகம், மிகக் கடினமான எஃகு, இடையறாத இழுவிசை. இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் முறிவைத் தவிர்க்கலாம்.

முதலாவது, நீரகம் புகாமல் காத்தல். துருவை அமிலத்தால் போக்குவதற்குப் பதில் மணலைப் பீச்சித் துடைக்கலாம். அமிலமே வேண்டுமாயின், இரும்பை அது அரிக்காமல் தடுக்கும் பொருளைச் சேர்த்துக் குறுகிய நேரத்தில் முடிக்கலாம். பற்றவைக்கும் குச்சியின் பூச்சில் ஈரம் இருந்தால் அந்த ஈரமே நீரகமாகும். ஆதலால் குச்சிகளைச் சூட்டடுப்பில் உலர்த்தி வைத்தல் வேண்டும். பற்றவைத்த இடத்தை இரண்டு நாள் கழித்தும் சோதிப்பது அறிவுடைமை.

இரண்டாவது, புகுந்ததை வெளியேற்றல். மின்முலாம் பூசிய வலிய மரையாணிகளைத் தாமதமின்றிச் சூட்டடுப்பில் இட்டு, 190 முதல் 220 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் பல மணி நேரம் வைப்பர். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டால், அதற்குள் கீறல் தோன்றிவிடலாம்.

மூன்றாவது, ஏற்ற எஃகைத் தெரிந்தெடுத்தல். கடினம் மிகுந்தோறும் எஃகு நீரகத்துக்கு எளிதில் இரையாகிறது. தேவைக்கு மேற்பட்ட வலிமையைத் தேடுவது நன்மையன்று. சற்றே மென்மையான, சற்றே பருத்த ஆணி பல இடங்களில் நெடுநாள் உழைக்கும்.

நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் மாற்றாக நீரகத்தை எரிபொருளாக்க இன்று பல நாடுகள் முனைந்துள்ளன. அதைக் கொண்டுசெல்லும் குழாய்க்கும் தேக்கிவைக்கும் கலத்துக்கும் இந்த அறிவு இன்றியமையாதது. கண்ணுக்குத் தெரியும் துருவை அனைவரும் சுரண்டுவர். கண்ணுக்குத் தெரியாத நீரகத்தை, கீறல் விழுமுன், உரிய நேரத்தில் போக்குவதே உண்மையான காவல் ஆகும்.