வக்கீலுக்குப் பணம் இல்லையா? சட்டமே வக்கீல் வைத்துத் தரும்!

மராத்தியில் அச்சடித்த கோர்ட்டு சம்மன் ஒன்று தாராவியிலோ ஆன்டாப்ஹில்லிலோ ஒரு தமிழர் வீட்டுக்கு வந்தால் முதலில் என்ன நடக்கிறது? அதைப் படித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேடி ஓடுகிறார்கள். அடுத்து, "கோர்ட்டில் எனக்கு ஆள் தெரியும்" என்று சொல்பவரைத் தேடி ஓடுகிறார்கள். இந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் பணம் கரைகிறது. ஊரில் இருக்கும் மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. வேறு சிலர் எதுவுமே செய்யாமல் சம்மனைத் தகரப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். கோர்ட்டுக்குப் போகாதவரை விட்டுவிட்டு வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிந்துவிடும் என்பது, அமீனா வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது.

இந்த ஓட்டம் தேவையில்லை. பணம் இல்லாதவனுக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பது அரசின் கடமை. 1976ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவைச் சேர்த்து இதை எழுதி வைத்தார்கள். பின்னர் 1987ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறி, 1995 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்தது. தாலுகா கோர்ட்டு முதல் சுப்ரீம் கோர்ட்டு வரை ஒவ்வொரு படியிலும் இதற்கென்று ஒரு குழு அல்லது ஆணைக்குழு இருக்கிறது. மும்பை கோர்ட்டு வளாகங்களில் "விதி சேவா பிராதிகரண்" என்று மராத்தியில் பலகை தொங்கினால் அது இந்த அலுவலகம்தான். அதைப் பார்த்தும் பாராமல் கடந்துபோன தமிழர்கள் எத்தனையோ பேர்.

வருமானம் கேட்கப்படாதவர்கள்

"சம்பளம் வாங்குகிறேனே, எனக்கு எப்படிக் கிடைக்கும்?" என்று பலர் நினைக்கிறார்கள். பாதி தவறு இங்கேதான் தொடங்குகிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், தொழிலாளர்கள், போலீஸ் காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள், கொத்தடிமையாக அகப்பட்டவர்கள், வெள்ளம், பூகம்பம், தொழிற்சாலை விபத்து போன்றவற்றில் சிக்கியவர்கள் ஆகியோரிடம் வருமானம் எவ்வளவு என்று கேட்பதற்கே சட்டத்தில் இடமில்லை. புருஷன் நல்ல உத்தியோகத்தில் இருந்தாலும், ஜீவனாம்சம் கேட்டு நிற்கும் மனைவிக்கு இலவச வக்கீல் உண்டு.

இந்தப் பட்டியலில் வராதவர்களுக்குத்தான் வருமான வரம்பு. மகாராஷ்டிரத்தில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். சுப்ரீம் கோர்ட்டு வழக்குகளுக்கு 5 லட்சம். வருமானத்தைப் பற்றி மனுதாரர் கொடுக்கும் பிரமாணப் பத்திரமே போதும் என்று ஏற்றுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. மாதம் 30 ஆயிரம் வாங்கும் ஓர் ஆண் குமாஸ்தா இந்த வரம்புக்கு வெளியே போய்விடுகிறார் என்பது வருத்தத்துக்குரியதுதான். மும்பை வாடகையும் ரயில் சீசன் டிக்கெட்டும் போக அவர் கையில் என்ன மிஞ்சும் என்பதை வரம்பு வைத்தவர்கள் யோசிக்கவில்லை. ஆனால் ஒன்று: தொழில் தகராறுச் சட்டம் 'தொழிலாளி' என்று சொல்லும்போது குமாஸ்தா வேலையையும் சேர்த்தே சொல்லி வந்திருக்கிறது. ஆகவே வேலை சம்பந்தமான வழக்கென்றால் குமாஸ்தாக்களும் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

"தமிழன் ஜாமீனுக்கு எங்கே போவான்?"

வெளியூர்ப் பிழைப்பில் மிகவும் பயப்படவேண்டிய இடம் ஜாமீன். ஏதோ அடிதடியில் பெயர் சேர்ந்துவிடுகிறது, கைது செய்துவிடுகிறார்கள். உள்ளூரில் சொத்துள்ள ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறார்கள். திருநெல்வேலியில் அண்ணனுக்கு நிலம் இருக்கிறது. இங்கே யாருக்கு என்ன இருக்கிறது?

இதே கேள்வி 1978ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. வழக்கு மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஓர் ஏழைக் கொத்தனாருடையது. அவருக்கு ஜாமீன் கொடுக்கச் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டிருந்தது. ஆனால் கீழ்க் கோர்ட்டு மாஜிஸ்திரேட்டு 10 ஆயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவிட்டார். கொத்தனார் மறுபடியும் டெல்லிக்கு மனுப்போட வேண்டியதாயிற்று.

விசாரித்தவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கேரளத்தின் 1957ஆம் ஆண்டு அமைச்சரவையில் சட்ட மந்திரியாக இருந்தவர். 1973ல் இலவச சட்ட உதவி பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. ஒரு தமிழனோ மலையாளியோ கன்னடக்காரனோ ஆந்திரக்காரனோ, முகம் தெரியாத தூரத்து ஊரில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரரை எங்கிருந்து கொண்டுவருவான் என்று தீர்ப்பிலேயே கேட்டார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக்கூடாது என்று சொல்லி, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் கொத்தனாரை விடுவிக்க உத்தரவிட்டார்.

இதற்குப் பிறகும் கீழ்க் கோர்ட்டுகளில் உள்ளூர் ஜாமீன் கேட்கும் பழக்கம் அடியோடு போய்விடவில்லை. இந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்ல ஒரு வக்கீல் பக்கத்தில் நின்றாக வேண்டும். இலவச வக்கீலின் அருமை அப்போதுதான் புரியும். ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்து, கைதான ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாமல் போனால், அவரை வசதியற்றவர் என்று கருதிச் சொந்தப் பிணையில் விடவேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். "வக்கீல் வைக்க வசதியில்லை" என்று அங்கே வாய் திறந்து சொல்லலாம். சொல்லத் தெரியாமல் போனாலும் உரிமை போய்விடாது. அருணாசலப் பிரதேசத்தில் வக்கீல் இல்லாமல் நடந்த ஒரு வழக்கில் தண்டிக்கப்பட்டவரை 1986ல் சுப்ரீம் கோர்ட்டு விடுவித்தது. இலவச வக்கீல் கிடைக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லாததே அந்த விசாரணை செல்லாமல் போகக் காரணம். அதற்கு முன்பே 1983ல், பம்பாய் சிறையில் இருந்த பெண்களின் நிலைமை பற்றிப் பத்திரிகையாளர் ஷீலா பர்சே எழுதிய கடிதத்தின் பேரில், யாரைக் கைது செய்தாலும் பக்கத்திலுள்ள சட்ட உதவிக் குழுவுக்குப் போலீசார் உடனே தகவல் கொடுக்க வேண்டும் என்று அதே கோர்ட்டு உத்தரவிட்டது. 2022ல் தொடங்கிய திட்டப்படி, கிரிமினல் வழக்குகளை மட்டும் கவனிக்கப் பல மாவட்டங்களில் முழுநேர வக்கீல்களே நியமிக்கப்பட்டிருக்கிறார்கள்.

மனு கொடுப்பது எப்படி?

15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். தேசிய ஆணைக்குழுவின் இணையதளம் வழியாகவும் மனுச் செய்யலாம். நேரில் போவதானால் வழக்கு நடக்கும் கோர்ட்டில் உள்ள அலுவலகத்துக்குப் போகவேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்குள்ளவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது விதி. மனு மீது முடிந்தால் அன்றைக்கே, அதிகம் போனால் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வழக்கில் ஓரளவாவது நியாயம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வக்கீலைக் கொடுப்பார்கள். இல்லையென்று சொன்னால் அதற்கு மேல்முறையீடு உண்டு.

கிடைப்பது வக்கீல் மட்டுமல்ல. கோர்ட்டுக் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, நகல் எடுக்கும் செலவு ஆகியவையும் சேரும். தமிழர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பத்திரங்களை மொழிபெயர்க்கும் செலவும் இதில் அடக்கம் என்பது. ஊர்க் கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பஞ்சாயத்தில் எழுதிய கைச்சீட்டு எல்லாம் தமிழில்தானே இருக்கின்றன? மொழிபெயர்ப்புக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். மனுவிலேயே, மொழிபெயர்ப்பு தேவை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஊரில் நிலத் தகராறு என்றால் மனு அந்த ஊர்த் தாலுகா குழுவுக்குப் போகவேண்டும். மும்பை வக்கீலால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் ஜீவனாம்ச வழக்கை மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே போடலாம். கணவன் மும்பையில் இருக்கிறான் என்பதற்காகப் பெண் இங்கே வந்து அலையத் தேவையில்லை.

இலவச வக்கீலிடம் குறையும் உண்டு. அரசு அவருக்குக் கொடுக்கும் பீஸ் சொற்பம். அதனால் சிலர் வாய்தா மேல் வாய்தா வாங்கி விட்டுவிடுகிறார்கள். கட்சிக்காரரிடம் ஒரு பைசா வாங்கவும் அவருக்கு அதிகாரமில்லை. கேட்டாலோ, கோர்ட்டுக்கு வராமல் இருந்தாலோ ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். செயலாளர் ஒரு நீதிபதி என்பதால் அந்தக் கடிதத்துக்கு மதிப்புண்டு.

மக்கள் நீதிமன்றத்துக்கு வழக்கை அனுப்புகிறோம் என்று சொல்லக்கூடும். விபத்து நஷ்டஈடு, பாங்குக் கடன் போன்றவை அங்கே ஒரே நாளில் தீரும்; கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே இரு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மேல்முறையீடு கிடையாது. தொகை எவ்வளவு, எத்தனை நாளில் கைக்கு வரும் என்று தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புரிந்த பிறகு கையெழுத்துப் போடவும்.

போகும்போது ஆதார் அட்டை, சம்மன் அல்லது எப்.ஐ.ஆர். நகல், வருமானத்துக்கோ சாதிக்கோ ஆதாரம் இருந்தால் அது, இவற்றை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகவும். மனு கொடுத்ததற்கு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.